ரசம் வெந்நீர் மாதிரி இருக்குதா? மூக்கைக் கவனியுங்கள்!

"ஏண்டி, இது ரசமா, வெந்நீரா? ருசியே இல்லியே!"

"நல்லாத்தானேங்க இருக்கு? பிள்ளைங்க ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாங்களே!"

ஜலதோஷம் பிடித்த வீடுகளில் அடிக்கடி நடக்கும் சண்டை இது. குற்றவாளி சமைத்தவரும் அல்ல, சாப்பிட்டவரின் நாக்கும் அல்ல. மூக்கு!

நாக்குக்குத் தெரிந்த சங்கதி ஐந்தே ஐந்துதான். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, ஐந்தாவதாக "உமாமி". டோக்கியோ பேராசிரியர் கிக்குனே இக்கேடா 1908-ம் ஆண்டில் கடற்பாசி சூப்பில் இருந்து கண்டுபிடித்த சுவை இது. தக்காளியிலும் காளானிலும் இருப்பது.

அப்படியானால் நம் அறுசுவைக் கணக்கில் வரும் காரம்? அது சுவையே அல்ல, சூடு! கொதிக்கும் தண்ணீர் பட்டால் துடிக்கிற அதே நரம்புதான் மிளகாய்க்கும் துடிக்கிறது. இதை 1997-ல் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியசுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மற்றதெல்லாம், பெருங்காய மணம், கொத்தமல்லி மணம், காப்பியின் "கமகம" எல்லாமே மூக்கின் வேலை. மெல்லும்போது வாயின் பின்பக்க வழியாக ஆவி மேலே ஏறி மூக்கைத் தொடுகிறது. சந்தேகம் இருந்தால் மூக்கை இறுக்கிப் பிடித்துக் கொண்டு ஒரு வாய் காப்பி குடித்துப் பாருங்கள். சூடு தெரியும், இனிப்பும் கசப்பும் தெரியும். காப்பி மட்டும் இருக்காது!

பத்து நாள் ஆயுசு

நாக்கில் சில ஆயிரம் சுவை மொட்டுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மொட்டிலும் 50 முதல் 100 செல்கள். ஒரு செல்லின் ஆயுசு சுமார் 10 நாள்தான். பழையது சாக, புதியது முளைக்கிறது. சுடச்சுட டீ குடித்து நாக்கைப் பொசுக்கிக் கொண்டவருக்கு மறுவாரம் ருசி திரும்பி விடுவது இதனால்தான்.

"நுனி நாக்கில் இனிப்பு, அடி நாக்கில் கசப்பு" என்று பள்ளிக்கூடத்தில் போட்ட படம் தப்பு. 1901-ல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆராய்ச்சியைத் தவறாகப் புரிந்து கொண்டதில் பிறந்தது அது. நாக்கில் மொட்டு உள்ள எந்த இடமும் எல்லாச் சுவையையும் அறியும்.

ஆளுக்கு ஆள் நாக்கு வேறு என்பதும் நிஜம். 1931-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் ஆர்தர் பாக்ஸ் என்ற ரசாயன நிபுணர் ஒரு பொடியைச் சீசாவில் கொட்டினார். தூள் பறந்தது. பக்கத்தில் நின்றவர், "ஐயோ, கசக்குதே!" என்றார். பாக்சுக்கு ஒன்றுமே தெரியவில்லை. சண்டை முற்றி, இருவரும் பொடியை நாக்கில் வைத்தே பார்த்தார்கள். அவருக்கு எட்டிக்காய், இவருக்கு சுண்ணாம்புத்தூள்! இது பரம்பரையாக வருகிற குணம் என்பது பிறகு தெரிந்தது. டி.என்.ஏ. சோதனை வருமுன், பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று பார்க்கக்கூட இந்தப் பொடியைப் பயன்படுத்தியது உண்டு. பாகற்காயை ஒருவர் ரசித்துச் சாப்பிட, மற்றவர் தட்டை ஒதுக்குவதில் வீம்பு மட்டும் காரணம் அல்ல.

மாத்திரையும் காரணம்

"வாயெல்லாம் இரும்பைக் கடிச்ச மாதிரி இருக்கு" என்பவர்கள் தாங்கள் சாப்பிடும் மாத்திரைகளைப் பார்க்க வேண்டும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் இந்த வேலையைச் செய்யும். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் ருசியைக் கெடுக்கும். அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்தி விடக்கூடாது. டாக்டரிடம் சொன்னால் மாற்றுக் கொடுப்பார்.

முன் நாக்கின் ருசியைக் கொண்டு போகும் நரம்பு, காதின் நடுப்பகுதி வழியாகப் போகிறது. காது ஆபரேஷன் ஆனவருக்கு ஒரு பக்கம் ருசி குறைவது இதனால்தான். முகம் ஒரு பக்கமாகக் கோணிக் கொண்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அது பக்கவாதமாகவும் இருக்கலாம்.

துத்தநாகச் சத்துக் குறைவு, வாய் வறட்சி, தொண்டைப் பகுதிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை ஆகியவையும் ருசியைப் பறிக்கும்.

2020-ல் கொரோனா வந்தபோதுதான் உலகத்துக்கே இந்தக் கஷ்டம் புரிந்தது. பலருக்குச் சில வாரங்களில் சரியானது. சிலருக்கு மாதக் கணக்கில் இழுத்தது; காப்பி கருகல் நாற்றம் அடித்தது.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகர டாக்டர் தாமஸ் ஹம்மல் குழு 2009-ல் வெளியிட்டது. கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, நீலகிரித் தைலம் - நான்கையும் காலையும் மாலையும் சில விநாடிகள் முகர வேண்டும். மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். எல்லோருக்கும் பலன் என்று சொல்ல முடியாது. ஆனால் செலவு கிடையாது.

வயதானவர்கள் விஷயம்தான் ஆபத்து. மூக்கு மெள்ள மெள்ள மங்குவது அவர்களுக்கே தெரியாது. "ருசி பத்தலே" என்று மேலும் ஒரு கரண்டி உப்பு போடுவார்கள், ரத்த அழுத்தம் ஏறும். பழைய குழம்பு ஊசிப் போனதும் தெரியாது. சமையல் காஸ் கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். அந்த நாற்றமே எட்டாத பாட்டி தனியாக அடுப்படியில் இருந்தால்? காலையில் தீக்குச்சி கிழிக்கும் முன்பு, வீட்டில் மூக்கு நன்றாக உள்ள ஒருவர் அடுப்படியில் ஒரு தடவை முகர்ந்து பார்த்து விடட்டும்.