ராஜ துக்கத்தின் மிச்சம்

ஊட்டிக்குப் போய் வந்தவர்களுக்கு சேரிங் கிராஸ் தெரியும். அங்கே சிலுவை கிடையாது. பெயர் மட்டும் லண்டனுடையது. லண்டனிலும் அசல் சிலுவை இல்லை. 1647-ல் இடித்துவிட்டார்கள். ரயில் நிலையத்தின் முன் நிற்பது 1860-களில் எழுப்பிய மாற்று.

அசலின் சகோதரியைப் பார்க்க நார்தாம்ப்டன்ஷயரின் கெடிங்டன் கிராமத்துக்குப் போக வேண்டும். 1290 நவம்பர் 28 அன்று லிங்கன் அருகே ராணி எலினார் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டருக்கு உடலைக் கொண்டு சென்ற வழியில், இரவு தங்கிய 12 இடங்களிலும் கணவர் முதலாம் எட்வர்ட் கல் சிலுவை எழுப்பினார், வழிப்போக்கர்கள் அவர் ஆன்மாவுக்காகப் பிரார்த்திக்க. எஞ்சியவை மூன்று. அவற்றில் அதிகம் சிதையாதது கெடிங்டனில், தெருக்கள் கூடும் இடத்தில் நிற்பதுதான். மூன்று பட்டையாக ஒல்லியாக உயரும் தூண். உடம்பெல்லாம் பூவேலை. மேலே மாடங்களில் மூன்று சிலைகள்; மூன்றும் எலினார். வேடிக்கை, உச்சியில் இருந்த சிலுவை மட்டும் போய்விட்டது.

துக்கம் நிஜம்தான். ஆனால் அதே எட்வர்ட்தான் அந்த ஜூலையில் இங்கிலாந்தின் யூதர்கள் அனைவரையும் வெளியேறச் சொன்னவர். கெடு நவம்பர் 1. ராணி இறந்தபோது அந்தக் கெடு முடிந்து ஒரு மாதம்கூட நிறைந்திருக்கவில்லை.