பூங்காவை வடிவமைக்க உரிமம் வேண்டுமா?

பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் வளைந்து நெளிந்து ஓடும் காலாங் ஆற்றைப் பார்ப்பவர்கள், அது காலங்காலமாக அப்படித்தான் ஓடுகிறது என்று நினைக்கக்கூடும். ஆனால், 2012ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்ட பூங்கா திறக்கப்படும் முன்பு அங்கு இருந்தது 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள நேரான கான்கிரீட் கால்வாய். அதை உடைத்தெடுத்து, ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீள ஆறாக மாற்றினார்கள்.

இதில் அழகு மட்டும் முக்கியமன்று. கரையைத் தாங்கி நிற்பவை கற்களும் செடிகளின் வேர்களும்தான். சிங்கப்பூர் மண்ணிலும் மழையிலும் அவை தாக்குப்பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள, முதலில் 60 மீட்டர் நீளப் பகுதியில் பத்து வெவ்வேறு முறைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். கனமழை பெய்யும்போது ஆற்றுநீர் 100 மீட்டர் அகலம் வரை பரவுவதற்குப் புல்வெளியில் இடம் விடப்பட்டுள்ளது. நீர்மட்டம் உயர்ந்தால் எச்சரிக்கும் உணர்கருவிகளும் ஒலிபெருக்கிகளும் அங்கு உண்டு.

கரையின் சரிவைத் தவறாகக் கணித்தால் மண் அரித்துவிடும். நீர் பரவும் எல்லையைத் தவறாகக் கணித்தால் அங்கு விளையாடும் பிள்ளைகளுக்கு ஆபத்து. அப்படியென்றால், இப்படிப்பட்ட இடங்களை வடிவமைக்கும் ஒருவருக்குத் தகுதி இருக்கிறது என்பதை யார் உறுதிசெய்வது?

தோட்ட வேலை மட்டுமா?

‘லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்’ எனப்படும் நிலத்தோற்றக் கட்டடக்கலைஞரின் வேலையைப் பலர் தோட்டக்கலையோடு குழப்பிக்கொள்கிறார்கள். “செடி நடுவதற்குப் பட்டப்படிப்பா?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதும் அதனால்தான்.

செடிகளைப் பற்றிய அறிவு இத்துறைக்குக் கட்டாயம் தேவை. ஆனால், அது ஒரு பகுதி மட்டுமே. மழைநீர் எங்கிருந்து எங்கே வடிய வேண்டும், சக்கர நாற்காலியில் வருபவர் ஏறக்கூடிய சரிவு எவ்வளவு, கூரைத் தோட்டத்தின் ஈர மண் எவ்வளவு கனக்கும், இன்று நடும் கன்றின் வேர் இருபது ஆண்டுகளில் நடைபாதையைத் தூக்கிவிடுமா என்பன போன்ற கேள்விகளுக்கும் அவர் விடை காண வேண்டும்.

சட்டம் சொல்வது என்ன?

சிங்கப்பூரில் ஒருவர் தம்மைக் கட்டடக்கலைஞர் என்று சொல்லிக்கொண்டு தொழில் நடத்த நினைத்தால், அவர் கட்டடக்கலைஞர் சட்டத்தின்கீழ் கட்டடக்கலைஞர் வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பட்டம் பெற்றபின் வேலை அனுபவம், தொழில்முறைத் தேர்வு ஆகியவற்றைக் கடந்தால்தான் அந்தப் பதிவு கிடைக்கும். அதன் பிறகும் தொழில் நடத்தும் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நிபுணத்துவப் பொறியாளர்களுக்கும் இப்படித் தனிச் சட்டம் உண்டு.

நிலத்தோற்றக் கட்டடக்கலைஞர்களுக்கு அத்தகைய தனிச் சட்டம் இங்கில்லை. 1985ல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் நிலத்தோற்றக் கட்டடக்கலைஞர்கள் கழகம் இத்துறையினரை ஒன்றிணைத்து வருகிறது. ஆனால், அதில் உறுப்பினராவது அவரவர் விருப்பம்.

மற்ற இடங்களில் நிலைமை வேறு. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் 1953ஆம் ஆண்டிலேயே உரிமச் சட்டம் கொண்டுவந்தது. இன்று அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் உரிம முறை உள்ளது. உரிமம் பெற விரும்புவோர் எழுதும் தேர்வில் நான்கு பகுதிகள். அவற்றில் ஒரு பகுதி முழுவதும் நிலச் சரிவுகளை அமைப்பது, வடிகால், மழைநீர் மேலாண்மை ஆகியவற்றைப் பற்றியது. மக்களின் உடல்நலம், பாதுகாப்பு, நல்வாழ்வு ஆகியவற்றைக் காப்பதே உரிமத்தின் நோக்கம் என்று அங்கு விளக்கப்படுகிறது.

ஹாங்காங்கிலும் இதற்கெனத் தனிச் சட்டமும் பதிவு வாரியமும் உள்ளன. பிரிட்டனில் யார் வேண்டுமானாலும் இந்தத் தொழிற்பெயரைப் பயன்படுத்தலாம். ஆனால், வழிகாட்டி ஒருவரின் மேற்பார்வையில் அனுபவம் பெற்று, வாய்மொழித் தேர்விலும் தேறியவர்களுக்கே அங்குள்ள தொழில்முறைக் கழகம் சாசன உறுப்பினர் தகுதியை வழங்குகிறது. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், நல்ல நிறுவனங்கள் அந்தத் தகுதியை மதிக்கின்றன.

பட்டத்துக்குப் பிறகு

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் நிலத்தோற்றக் கட்டடக்கலைக்கு இளநிலை, முதுநிலை என இரண்டு பட்டப்படிப்புகள் உள்ளன. வேலையில் சேர்ந்த பிறகும் தொடர்ந்து கற்பதற்கு இங்கு வழிகள் உண்டு.

பொதுப் பயனீட்டுக் கழகம் 2006ல் தொடங்கிய ஏபிசி நீர்த் திட்டம் ஓர் எடுத்துக்காட்டு. மழைநீரைச் செடிகளாலும் மண்ணாலும் வடிகட்டி, அதன் வேகத்தைக் குறைத்து அனுப்பும் வசதிகளை வடிவமைக்கத் தனிப் பயிற்சி தேவைப்பட்டது. இதற்காக ஏபிசி நீர் நிபுணர் என்ற தகுதி உருவாக்கப்பட்டது. பொறியாளர், கட்டடக்கலைஞர், நிலத்தோற்றக் கட்டடக்கலைஞர் ஆகிய மூன்று துறையினரும் குறிப்பிட்ட பாடங்களை முடித்து அத்தகுதியைப் பெறலாம். மூன்று துறைகளும் ஒரே வகுப்பறையில் அமர்வது இதன் சிறப்பு.

மரங்களில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இன்னொரு பாதை இருக்கிறது. அனைத்துலக மரவளர்ப்புச் சங்கத்தின் மர வல்லுநர் சான்றிதழை அனுபவமும் தேர்வும் இருந்தால் பெறலாம். அது வாழ்நாள் முழுவதும் செல்லாது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, 30 தொடர்கல்விப் புள்ளிகளைக் காட்டியோ மீண்டும் தேர்வு எழுதியோ புதுப்பிக்க வேண்டும்.

தேசியப் பூங்காக் கழகத்தின் பயிற்சி நிலையம், வடிவமைப்பாளர்களுக்கு மட்டுமன்றி, மரக்கிளைகளை வெட்டிப் பராமரிக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி தருகிறது. வெயிலில் அந்த வேலையைச் செய்பவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த அண்ணன்மார் பலர் இருக்கிறார்கள். வரைபடம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், அதை மண்ணில் உயிரோடு வைத்திருப்பது அவர்களின் திறன்தான்.

புதுப்பித்தலே முக்கியம்

இங்கும் உரிமச் சட்டம் வர வேண்டுமா? இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. உரிமம் இருந்தால், தவறு நடக்கும்போது யார் பொறுப்பு என்பது தெளிவாகும். கட்டடக்கலைஞரும் பொறியாளரும் பேசும் மேசையில் இவர்களின் சொல்லுக்கும் எடை கூடும். அதே நேரத்தில், தேர்வுக் கட்டணமும் பட்டப்படிப்பு நிபந்தனையும், பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் பெற்று அனுபவத்தால் உயர்ந்தவர்களுக்குக் கதவை அடைத்துவிடலாம்.

என் பார்வையில், உரிமம் பெறுவதைவிட அதைப் புதுப்பிப்பதே பெரிது. காலாங் ஆற்றுக்குக் கான்கிரீட் போட்டவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். வெள்ளத்தை விரைவாகக் கடலுக்கு அனுப்புவதே அன்றைய சிறந்த அறிவு. அடுத்த தலைமுறை, நீரை மெதுவாகப் போகவிடும் வழியைக் கற்றுக்கொண்டது. அன்று தகுதி பெற்ற ஒருவர் அதோடு கற்பதை நிறுத்தியிருந்தால், அவர் இன்றும் கால்வாயைத்தான் வரைந்திருப்பார். அவரிடம் உரிமம் இருந்திருந்தாலும் அந்த ஆறு திரும்பி வந்திருக்காது.

நம் தலைமுறைக்கு இந்தப் பாடம் இன்னும் பொருந்தும். 2020ல் தொடங்கிய, ஒரு மில்லியன் மரங்களை நடும் இயக்கம் நாடெங்கும் நடைபெறுகிறது. வெப்பம் கூடுகிறது, மழையும் கடுமையாகிறது. இன்று நாம் வகுப்பில் படிக்கும் செடிப் பட்டியலும் மழைக் கணக்கும், நாம் நாற்பது வயதை எட்டும்போது மாறியிருக்கக்கூடும்.

இத்துறையில் ஆர்வமுள்ள மாணவர்கள், உயர்நிலைப் பள்ளியிலேயே புவியியலையும் உயிரியலையும் ஓவியத்தையும் தனித்தனிப் பாடங்களாகப் பார்க்காமல் இணைத்துப் பார்க்கப் பழகலாம். பெருமழை ஓய்ந்ததும் உங்கள் புளோக்கின் கீழே எங்கு தண்ணீர் தேங்குகிறது, எந்த மரத்தடியில் நடைபாதை விரிசல் விட்டிருக்கிறது என்று கவனித்து ஒரு குறிப்பேட்டில் வரைந்து வையுங்கள். பல்கலைக்கழகத்தின் பொது வரவேற்பு நாளுக்குச் செல்லும்போது, வேலை கிடைக்குமா, சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். முதல் வேலையில் எனக்கு யார் வழிகாட்டுவார், பத்து ஆண்டுகளுக்குப் பிறகு நான் எங்கே போய்க் கற்றுக்கொள்வேன் என்றும் கேளுங்கள்.