வைக்கோலை வெறுத்த குதிரை

கிழக்கேகோட்டை வாயிலைக் கடந்து பத்மநாப சுவாமி கோயிலின் தென்கிழக்கே சென்றால் குதிரமாளிகை. சுவாதித் திருநாள் மன்னர் கட்டுவித்த அம்மாளிகையின் இறவாரத்தின் கீழ் 122 மரக்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. ஊரிலிருந்து வரும் உறவினரை நாம் எல்லோரும் ஒரு முறையேனும் அங்கே அழைத்துச் சென்றிருப்போம். அவற்றுக்குப் புல்லும் வேண்டா, தண்ணீரும் வேண்டா. உயிருள்ள குதிரையைப் பேணுவோர் பாடு வேறு. அப்பாட்டைச் சென்ற இடவப்பாதி மழையில் அருகிருந்து கண்டோம்.

நம் அன்பர் ஒருவர் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து குடிவந்தவர். ஆட்டக்குளங்கரை அருகே ஒரு சார்ப்பில் மட்டக்குதிரை ஒன்றைக் கட்டிவைத்து, ஊர்வலங்களுக்கும் குழந்தைகள் சவாரிக்கும் விட்டு, அவ்வருவாயில் குடும்பம் நடத்துபவர். மழை தொடங்கிய மூன்றாம் வாரம் குதிரை வைக்கோலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு வாய் மென்றாலும் சக்கையை உருண்டையாக வெளியே தள்ளிற்று. விலா எலும்புகள் தெரியலாயின. கொள்ளென்றால் வாயைத் திறக்கும் என்ற பழமொழியை நம்பி, அன்பர் கொள்ளையும் தவிட்டையும் நாள்தோறும் கூட்டிக்கொண்டே போனார். குதிரையும் தின்றது, இலத்தி கழிசலாயிற்று. ஓரிரவு அது தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, காலால் தரையைக் கிளறி, படுத்துப் புரண்டது. கண்ணேறு என்றனர் சிலர். வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்றனர் சிலர். தரகர் ஒருவரும் மறுநாளே வந்துவிட்டார்!

நல்லவேளை, கால்நடை மருத்துவர் அவ்விரவே வந்தார். குதிரைக்கு வாந்தி எடுக்க இயலாது. ஆதலின் வயிற்றுவலியைக் காலைவரை பொறுத்துப் பார்ப்பது பெரும் பிழை என்று கடிந்துகொண்டார். மூக்கின் வழியே குழாய் செலுத்தி, ஊசியும் போட்டார். வலி தணிந்தபின் அவர் நோக்கியது வயிற்றையன்று, வாயை. குதிரையின் பல் ஆண்டுக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் வெளியே வந்துகொண்டே இருக்குமாம். அது சீராகத் தேயாவிடில் மேல் கடைவாய்ப் பற்களின் வெளிவிளிம்பு கத்திபோலாகிக் கன்னத்தைக் கிழிக்கும். கீழ்ப்பற்களின் உள்விளிம்பு நாக்கைக் கிழிக்கும். சக்கை உருண்டையாக விழுந்த காரணம் அதுவே. மறுவாரம் வந்து அரத்தால் அவற்றை இழைத்தார். பின்னர் வைக்கோற் கட்டைப் பிரித்து நம் மூக்கினருகே நீட்டினார். பூஞ்சை வாடை குப்பென்று அடித்தது. குதிரை சொன்னதை நாம்தாம் கேட்கவில்லை.

மாட்டுக்கு ஒத்த வைக்கோல் குதிரைக்கு ஒவ்வாதா என்று வினவினோம். மாடு நான்கு அறை வயிற்றுடன் அசைபோடும். குதிரைக்கோ வயிறு சிறிது. நார் புளித்துச் செரிப்பதெல்லாம் பின்னே பெருங்குடற் பகுதியில். நெல் வைக்கோல் சத்துக் குறைந்தது, எளிதில் செரியாதது. தண்ணீரும் குறைந்தால் குடலில் அடைத்துக்கொள்ளும். தானியம் மிகுந்தால் செரியாத மாவு பெருங்குடலுக்குச் சென்று அமிலமாகும்; கழிசலும் சூலையும் வரும்; குளம்பும் வீங்கிக் கெடும். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு நாலரை முதல் ஆறு கிலோ உலர்ந்த தீவனம் வேண்டும். அதிற் பெரும்பகுதி புல்லாகவே இருத்தல் வேண்டும்.

இத்தவறு நம் அன்பர் ஒருவருடையதன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரேபியக் குதிரைகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இங்கே கப்பலேறி வந்ததையும், பேணத் தெரியாமையால் அவற்றுட் பெரும்பாலன மடிந்ததையும் எழுதியுள்ளார். சோற்றுடன் இறைச்சியைச் சமைத்துக் கொடுத்தார்களாம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கூறுவதோ வறுத்த வாற்கோதுமை, நெய்யிற் பிசைந்த தானியம், காய்ச்சிய பசும்பால். விருந்தினரை உபசரிப்பது போல் உபசரித்தே கொன்றிருக்கிறார்கள்! கப்பற் கணக்கில் பொன் போனபின்னும் ஆண்டுதோறும் புதுக்குதிரை வாங்கினரேயன்றி, பழைய குதிரை ஏன் செத்தது என்று ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

அன்பர் ஆராய்ந்தார். கொள்ளைச் சிறுகச் சிறுகக் குறைத்து, ஊறவைத்துச் சிறு வேளைகளாகக் கொடுத்தார். புதிய புல்லைப் பழையதோடு கலந்து, பத்து நாளில் முழுதும் மாற்றினார். பக்கத்தில் உப்புக்கட்டி, வாளியில் எந்நேரமும் நல்ல தண்ணீர். இலத்தியைச் சோதித்துக் குடற்புழு மருந்தும் ஆயிற்று. காய்ந்த புல் வாங்குவதுதான் கடினம். மலைக்கு இப்பால் மழைக்காலத்தில் எதுவும் முறுகக் காய்வதில்லை. சாலைக் கடைத்தெருவுக்குக் காய்கறி ஏற்றிவரும் லாரிக்காரர் ஒருவர் ஆரல்வாய்மொழிக்கு அப்பாலிருந்து வாரம் நான்கு கட்டு கொண்டுவர ஒப்புக்கொண்டார். அவற்றைத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்குகிறார்.

சென்ற ஞாயிறன்று போயிருந்தோம். விலா மூடியிருந்தது. அன்பர் புதுக்கட்டு ஒன்றை அவிழ்த்து நீட்ட, குதிரை முகர்ந்து ஒதுக்கிற்று. அவர் கோபிக்கவில்லை; கட்டின் நடுவே கையை விட்டுப் பார்த்தார். உள்ளே ஈரம். அதை அப்படியே எருக்குழியில் வீசிவிட்டு அடுத்த கட்டை எடுத்தார்.