நான்கு திருகாணிகள்

பதுளைக் குளிரில் கணினிக்கு வாட்டர் கூலர் எதற்கு என்று உம்மா கேட்டார். நானா கலியாண வீடியோ தொகுப்பவர். மணிக்கணக்கில் உழைக்கும் புரொசசருக்கு வெளிக்குளிர் மட்டும் போதாது. விடுமுறையில் நாங்கள் இருவருமே அதைப் பொருத்தினோம்.

செப்புத் தகடுள்ள புளொக் புரொசசரின் மேல் அமரும். அதனூடாக ஓடும் நீர், வெப்பத்தை விசிறி பூட்டிய ரேடியேட்டருக்குக் கொண்டு செல்லும். இரு உலோகப் பரப்புகளும் கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்தாலும் நுண்ணிய பள்ளங்கள் நிறைந்தவை. அவற்றில் காற்று தங்கினால் வெப்பம் எளிதில் கடக்காது. அந்த இடைவெளிகளை நிரப்பவே தேர்மல் பேஸ்ட். பட்டாணியளவு போதும், ஒட்டும் பசையென்று எண்ணி அள்ளிப் பூசக்கூடாது.

பண்டாரவளைக் கலியாண வீடியோவை மறுநாள் கொடுக்க வேண்டியிருந்தது. அவசரத்தில் நானா ஒரு திருகாணியை முழுதாக இறுக்கிவிட்டே அடுத்ததற்குப் போனார். புளொக் சாய்ந்துவிட்டது. வெப்பநிலை 90 பாகையைத் தாண்டி, கணினி தானாகவே நின்றது. கழற்றிப் பார்த்தால் பேஸ்ட் ஒரு பக்கம் மட்டுமே பரவியிருந்தது.

மின்சாரத்தைத் துண்டித்து, அல்ககோல் தொட்ட துணியால் துடைத்து, புதிதாகப் பேஸ்ட் வைத்தோம். நான்கு திருகாணிகளையும் முதலில் விரலாலேயே பிடிக்கவிட்டு, பின்னர் எதிரெதிர் மூலைகளாக அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்கினோம். இறுகியதும் நிறுத்திவிட வேண்டும். மேலும் பலத்தைக் காட்டினால் மதர்போர்ட் வளையும். பம்பின் வயர் செருகியிருக்கிறதா என்று நான் இரண்டு தடவை பார்த்தேன்.

இப்போது வீடியோ தொகுக்கும்போதும் 65 பாகைதான். கணினிக்குள் தண்ணீர் ஓடுகிறது என்பதால் உம்மா மட்டும் இன்னும் தள்ளியே நிற்கிறார்.