குளிர்ந்த அறையின் விலை என்ன?



மாசி மாதம் பிறந்துவிட்டாலே திருவனந்தபுரத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பேச்சு எழும்புகிறது. "இந்த வருஷமாவது ஒரு ஏ.சி. வாங்கிவிடலாமா?" நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பிழைப்பைத் தேடி இந்நகரத்துக்கு வந்து, கரமனையிலும் சாலைக் கடைத்தெருவின் சந்துகளிலும் கழக்கூட்டத்திலும் வாடகை வீடுகளில் குடியிருக்கிற குடும்பங்களில் இந்தக் கேள்வி இன்னும் பாரமாகவே கேட்கப்படுகிறது. பிள்ளை இரவெல்லாம் வேர்த்துப் புரளுகிறது. வயதான தாயாருக்கு மூச்சு முட்டுகிறது. இரவுப் பணி முடித்து வந்த மகன் பகலில் கண்மூட முடியாமல் தவிக்கிறான். இது ஆடம்பர ஆசை என்று யாராலும் தள்ளிவிட முடியாது.

ஆனாலும், கடைக்குப் போகும் முன்னே உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கடையில் அட்டையில் எழுதியிருக்கிற விலை செலவின் முதல் பகுதி மாத்திரமே. மீதிப் பகுதி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணச் சீட்டாக வாசலுக்கு வருகிறது. அந்த முழுக் கணக்கையும் இங்கே சேர்ந்து பார்ப்போம்.

இங்கே வெப்பம் வேறுவிதம்

திருநெல்வேலியின் வெயில் சுடும். நிழலில் ஒதுங்கினால் ஆறுதல் உண்டு. திருவனந்தபுரமோ கடலோர நகரம். இங்கே காற்றிலுள்ள ஈரப்பதம் வியர்வையை உலரவிடுவதில்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் நடு இரவிலும் வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகையால் மின்விசிறி சுழன்றாலும் உடல் பிசுபிசுக்கிறது.

ஏ.சி. இயந்திரம் பிறந்த கதையும் ஈரப்பதத்தின் கதைதான். 1902-ஆம் ஆண்டு வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் நியூயார்க் நகரின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்காக அதை வடிவமைத்தார். ஈரக்காற்றினால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ண அச்சு பிசகியதே அங்கே பிரச்சினை. இன்றும் உங்கள் ஏ.சி. காற்றிலிருந்து நீரைப் பிரித்து வெளியே சொட்டவிடுகிறது. அந்த ஈரம் நீங்கினால் 26 டிகிரியே சுகமாயிருக்கும்; 18 டிகிரிக்குக் குறைக்க வேண்டிய அவசியமில்லை.

கடையில் கொடுக்கும் பணம்

"ஒரு டன்", "ஒன்றரை டன்" என்று கடைக்காரர் சொல்லுவது இயந்திரத்தின் எடையை அல்ல. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுவே ஒரு டன் குளிர்ச்சி. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிற ஐஸ் ஹவுஸ் கட்டடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்துவைக்க 1842-இல் அது கட்டப்பட்டது. அந்தப் பனிக்கட்டிக் காலத்து அளவே இன்றைய ஏ.சி.யின் மேல் நிலைத்திருக்கிறது.

சாதாரணமாக 100 முதல் 120 சதுர அடி வரையுள்ள படுக்கையறைக்கு ஒரு டன் போதும். மொட்டைமாடிக்கு நேர் கீழேயும் மேற்கு வெயில் படும்படியும் உள்ள அறையானால் ஒன்றரை டன் தேவைப்படலாம். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி. ஏறக்குறைய 30,000 முதல் 45,000 ரூபாய் வரை விற்கிறது. 28 சதவீதமாயிருந்த சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது.

இதற்குமேல் பொருத்தும் கூலி, வெளிப்பெட்டியைத் தாங்கும் இரும்புத் தாங்கி, சுவரில் துளை, நீர் வடியும் குழாய், இலவச அளவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மீட்டர் செம்புக் குழாய் என்று தனித்தனியே எண்ணிக் கொடுக்க வேண்டியிருக்கும். "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வலியதுறை, பூந்துறை, விழிஞ்ஞம் போன்ற கடலோரப் பகுதிகளில் வசிப்போர், உப்புக்காற்றைத் தாங்கும் பூச்சு உண்டா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

"வட்டியில்லாத் தவணை" என்ற அழைப்பிலும் விழிப்பாயிருங்கள். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. நடைமுறைக் கட்டணமாகவோ, ரொக்கத்துக்குக் கிடைக்கவேண்டிய தள்ளுபடியை இழப்பதாலோ அந்த வட்டியை நாமே செலுத்துகிறோம்.

வாடகை வீட்டாருக்கு ஒரு வார்த்தை

பழைய வீடுகளின் மின்கம்பிகள் விளக்குக்கும் விசிறிக்கும் போடப்பட்டவை. ஏ.சி.க்கு மீட்டர் பலகையிலிருந்து தனிக் கம்பி வரவேண்டும். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, அதற்கென்று தனி எம்.சி.பி., நல்ல எர்த் இணைப்பு ஆகிய மூன்றும் இல்லாமல் பொருத்தவே கூடாது. இது சிக்கனம் பார்க்கும் இடம் அல்ல. உயிரைக் காக்கும் இடம். வீட்டுக்காரரின் சம்மதத்தைப் பெற்று, இந்தச் செலவை யார் ஏற்பது என்று முன்னமே பேசிவிடுங்கள்.

இரண்டாவது, மீட்டரைப் பாருங்கள். சில வீடுகளில் மேல்மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் ஒரே மீட்டர்தான் இருக்கும். அப்படியானால் இரு குடும்பங்களின் யூனிட்டுகளும் ஒன்றாய்க் கூடும். அதன் விளைவு என்னவென்று கீழே வாசிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

மூன்றாவது, நாளை வீடு மாறினால் என்ன செய்வீர்கள்? கழற்றுமுன் குழாயிலுள்ள வாயுவை வெளிப்பெட்டிக்குள் இழுத்துச் சேர்க்கும் 'பம்ப் டவுன்' வேலையைச் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புதிய வீட்டில் வாயு நிரப்பும் செலவும் உங்கள் தலையில் விழும். இன்று பெரும்பாலும் பயன்படும் ஆர்-32 வாயு ஓரளவு தீப்பற்றக்கூடியது. ஆகையால் பயிற்சி பெற்றவரையே அழையுங்கள்.

250 என்ற எல்லைக்கோடு

இப்போது முக்கியமான காரியத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு வழங்கப்பட்டுவந்த 100 யூனிட் இலவசத்துக்குப் பழகியவர்களுக்கு, கேரள மாநில மின்சார வாரியத்தின் கணக்கு முறை புதிதாயிருக்கும்.

இங்கே மாதம் 250 யூனிட் வரை படிப்படியான கட்டணம். 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டபடி முதல் 50 யூனிட்டுக்கு 3.30 ரூபாய், அடுத்தடுத்த ஐம்பதுகளுக்கு 4.15, 5.25, 7.10, 8.35 ரூபாய். 250 யூனிட்டுக்கு ஆகக்கூடி 1,407 ரூபாய் 50 காசு. ஆனால் 250-ஐத் தாண்டிவிட்டால் இந்தப் படிகளெல்லாம் மறைந்து, முதல் யூனிட்டிலிருந்தே ஒரே விலை. 300 வரை 6.55 ரூபாய், 350 வரை 7.40 ரூபாய். இவ்விதம் 251 யூனிட்டுக்கு 1,644 ரூபாய் ஆகிறது. ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு 236 ரூபாய்க்கு மேல் அதிகம்! இரண்டு மாதச் சீட்டில் இந்த எல்லை 500 யூனிட் என்று கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் இந்த விலைகள் இன்னும் சற்று உயர்ந்தன; நிலைக் கட்டணமும் மின்வரியும் தனி. ஆகையால் கையிலுள்ள கடைசிச் சீட்டைப் பார்த்துக் கணக்கிடுங்கள்.

ஏ.சி. எவ்வளவு இழுக்கும் என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. அதன்மேல் ஒட்டியுள்ள ஸ்டார் லேபிளில் ஆண்டு மின்செலவு அச்சிடப்பட்டிருக்கும். அது வருஷத்துக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. அந்த எண்ணை 1,600-ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை யூனிட் என்று தெரியும். லேபிளில் 960 என்றிருந்தால் மணிக்கு 0.6 யூனிட்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இப்போது மாதம் 160 யூனிட். கட்டணம் 706 ரூபாய். இந்த ஏ.சி.யை இரவுக்கு 8 மணி நேரம் ஓட்டினால் 144 யூனிட் சேர்ந்து 304 ஆகும். கட்டணம் ஏறக்குறைய 2,250 ரூபாய். அதாவது மும்மடங்குக்கும் அதிகம்! யூனிட் இரட்டிப்பாகவில்லை, தொகையோ மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது.

அதே குடும்பம் இன்னொரு விதமாய்ச் செய்யட்டும். 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறிகள் மூன்றை மாற்றி, 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறிகளைப் போடுகிறார்கள். நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடினால் மாதம் 48 யூனிட் மிச்சம். ஏ.சி.யை எட்டு மணிக்குப் பதில் ஏழரை மணி நேரம் ஓட்டுகிறார்கள். மொத்தம் 247 யூனிட். கட்டணம் 1,382 ரூபாய். அரைமணி நேரமும் மூன்று விசிறிகளும் மாதம் 860 ரூபாய்க்கு மேல் காப்பாற்றிவிட்டன. அதே குளிர்ந்த அறைதான்; அதே உறக்கந்தான்.

பழக்கமும் கூரையும்

2020 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் ஏ.சி.கள் தாமாகவே 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்படுகின்றன. ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சப்படும் என்று மத்திய அரசு கூறுகிறது. 26-இல் வைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிடுங்கள். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். மாலை 6 முதல் 10 மணி வரை மாநிலமெங்கும் மின்சாரத் தேவை உச்சத்திலிருக்கும் நேரம். 2024 கோடையில் கேரளத்தின் ஒருநாள் மின்செலவு 11 கோடி யூனிட்டைத் தாண்டியது. அந்த வேளையில் ஏ.சி.யை ஓயவிட்டு, படுக்கப்போகும்போது போடுவது நலம்.

கூரையையும் மறவாதிருங்கள். மொட்டைமாடி பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் அறைக்குள் உமிழ்கிறது. இந்நகரத்தில் பலர் மாடிக்குமேல் இரும்புச் சட்டமிட்டுத் தகட்டுக் கூரை போட்டிருப்பதைக் காண்கிறீர்கள். அது மழைக்கு மாத்திரமல்ல, வெயிலுக்கும் குடை. இயலாதவர்கள் தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடித்தாலே வேறுபாடு தெரியும்.

தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைகளைக் கட்டும் பணிக்காக 1945-இல் இந்தியாவுக்கு வந்து, பின்னர் திருவனந்தபுரத்தையே தம் ஊராக்கிக்கொண்ட லாரி பேக்கர், 2007-இல் மறையும்வரை செங்கல்லாலும் காற்றாலும் வீடுகளைக் குளிரவைத்தார். உள்ளூரிலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் துளையிட்ட செங்கற்சுவர்கள் வழியே இன்றும் காற்று உலாவுகிறது. சொந்த வீடு கட்ட எண்ணுகிறவர்கள் ஒருமுறை சென்று பாருங்கள்.

முடிவாக

அன்பானவர்களே, அடுத்த வீட்டுச் சுவரில் வெளிப்பெட்டி தொங்குகிறது என்பதற்காக வாங்காதிருங்கள். அப்படியே, கட்டணத்துக்குப் பயந்து முதியவரையும் கைக்குழந்தையையும் வெந்துபோக விடாதிருங்கள். கடும் வெப்பம் அவர்களுடைய உடலை மெய்யாகவே சேதப்படுத்தும்.

இன்றிரவே கடைசி மூன்று மின்கட்டணச் சீட்டுகளை எடுத்து மேசையில் வையுங்கள். மாதத்துக்கு எத்தனை யூனிட், 250-க்கு இன்னும் எத்தனை மிச்சம் என்று எழுதுங்கள். அந்த மிச்சத்துக்குள் எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்று வகுத்துப் பாருங்கள். பிறகு கேளுங்கள்: இந்த வீட்டில் குளிர்ச்சி யாருக்கு மிகவும் தேவை? அந்த ஒருவருடைய அறையில் ஒரு டன் ஏ.சி. போதும். கடும் வெயிலின் நாட்களில் மற்றவர்களும் பாயை எடுத்துக்கொண்டு அங்கேயே வந்து படுக்கட்டும். வீடு முழுவதும் ஒரே அறையில் உறங்குவது நம்முடைய ஊர்களில் புதிய வழக்கமா என்ன?