நூல் அறுந்தால் நிற்கும் தறி: டொயோட்டா பெயர் வாங்கிய கதை

பழைய கார் வாங்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், பத்துப் பேர் பத்து யோசனை சொல்வார்கள். ஆனால் டொயோட்டா என்றால் மட்டும் பத்துப் பேரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "கண்ணை மூடிக்கிட்டு எடுங்க." நம்மூரில் குவாலிஸும் இன்னோவாவும் சம்பாதித்துக் கொடுத்த பெயர் அது. ஆப்பிரிக்காவில் லேண்ட் க்ரூசர், அரபு நாடுகளில் ஹைலக்ஸ், அமெரிக்காவில் கேம்ரி என்று ஊருக்கு ஊர் வண்டி மாறுகிறதே தவிர பேச்சு மாறுவதில்லை.

இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு வேடிக்கை. இந்தக் கம்பெனி உலகத்துக்குக் காட்டிய முதல் வண்டியே நடுரோட்டில் பழுதாகி நின்ற வண்டிதான். 1935 நவம்பரில் ஜி1 என்ற லாரியை டோக்கியோவில் அறிமுகம் செய்ய ஏற்பாடு செய்திருந்தார்கள். கரியா என்ற ஊரில் இருந்த தொழிற்சாலையிலிருந்து கிளம்பிய லாரி டோக்கியோ போகும் வழியிலேயே நின்றுவிட்டது. எப்படியோ சரிசெய்து கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். விற்ற லாரிகளும் அடிக்கடி மக்கர் செய்தன. அதனால் முதலில் பக்கத்து ஊர்களில்தான் விற்றார்கள். நின்று போனால் ஆள் அனுப்பிப் பார்க்க வசதியாக இருக்கும் என்று!

அப்படியானால் நல்ல பெயர் எங்கிருந்து வந்தது? அதற்குக் காரை விட்டுவிட்டுத் தறிக்குப் போக வேண்டும்.

சகிச்சி டொயோடா 1867இல் பிறந்தவர், தச்சர் மகன். வீட்டுப் பெண்கள் கைத்தறியில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர். தறியை எப்படி எளிதாக்குவது என்பதிலேயே வாழ்நாளைக் கழித்தார். 1924இல் மகன் கீச்சிரோவும் மற்றவர்களும் சேர்ந்து உழைக்க, ஜி வகைத் தானியங்கித் தறி உருவானது. ஓட்டத்தை நிறுத்தாமலே நாடாவை மாற்றிக்கொள்ளும் தறி அது. அதைவிட முக்கியமானது இன்னொன்று: நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும்.

இது ஏன் பெரிய விஷயம் என்று தறிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு பாவு நூல் அறுந்தது தெரியாமல் தறி ஓடிக்கொண்டே இருந்தால், நெய்த துணி முழுக்கக் கோடு விழும். அதனால் ஒவ்வொரு தறிக்கும் ஓர் ஆள் கண்கொட்டாமல் காவல் இருக்க வேண்டும். தறியே நின்று சொல்லிவிட்டால் காவல் தேவையில்லை, ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். 1929இல் இங்கிலாந்தின் பெரிய தறிக் கம்பெனியான பிளாட் பிரதர்ஸ் இந்தக் காப்புரிமைக்கு ஒரு லட்சம் பவுண்டு தர ஒப்பந்தம் போட்டது. நெசவு இயந்திரத்தை உலகுக்கே விற்ற நாடு, ஜப்பான்காரரிடம் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள வந்தது! சகிச்சி அடுத்த ஆண்டே காலமானார். 1933இல் கீச்சிரோ தறிக் கம்பெனிக்குள்ளேயே ஒரு கார் பிரிவைத் தொடங்கினார். 1937இல் அது தனிக் கம்பெனியானது. தறிக் கம்பெனியும் மூடிவிடவில்லை. இன்றைக்கும் ஏர்ஜெட் தறி செய்து விற்கிறது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. குடும்பப் பெயர் டொயோடா, கம்பெனிப் பெயர் டொயோட்டா. 1936இல் சின்னத்துக்காகப் போட்டி வைத்தபோது இந்த மாற்றம் வந்தது. ஜப்பானிய எழுத்தில் 'டொயோட்டா' எட்டுக் கோடுகளில் முடிந்துவிடும், எட்டு அவர்களுக்கு ராசியான எண். நம் எழுத்தில் அது ஒரு ட் கூடுதல், அவர்கள் எழுத்தில் இரண்டு கீற்று குறைவு.

போருக்குப் பிறகு கம்பெனி கிட்டத்தட்ட மூழ்கியே விட்டது. 1949இல் ஜப்பானில் கடன் இறுக்கம் வந்தது, லாரி வாங்கியவர்களிடமிருந்து பணம் வரவில்லை. வங்கிகள் கை கொடுத்தன, ஆனால் நிபந்தனையோடு: விற்பனையைத் தனிக் கம்பெனியாகப் பிரி, ஆட்களைக் குறை. யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டேன் என்றிருந்த கீச்சிரோவுக்கு இது பெரிய அடி. 1950இல் வேலைநிறுத்தம் வெடித்தது. சுமார் இரண்டாயிரம் பேர் வெளியேறினார்கள், பொறுப்பேற்று அவரும் தலைவர் பதவியை விட்டார். அதே ஜூன் மாதம் கொரியப் போர் மூண்டது. அமெரிக்க ராணுவம் முதல் தடவையிலேயே ஆயிரம் லாரிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. கம்பெனி பிழைத்தது, கீச்சிரோ திரும்பி வரவில்லை. 1952இல் 57 வயதில் இறந்துபோனார். டொயோட்டாவின் சாமர்த்தியத்தைப் புகழும் புத்தகங்கள் இந்தப் போர் யோகத்தை ஒரு வரியில் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வரிக்கு மேலேயே தகுதி உள்ள சமாச்சாரம் அது.

கையில் காசில்லை, இடமில்லை, சந்தையும் சின்னது. ஃபோர்டு மாதிரி ஒரே பாகத்தை மலைபோல் செய்து குவிக்க வழியில்லை. இந்த இடத்தில்தான் தாயிச்சி ஓனோ வருகிறார். அவர் டொயோடா குடும்பத்தின் நூற்பாலையிலிருந்து 1943இல் கார் கம்பெனிக்கு மாறி வந்தவர். தறிக்கூடத்து யோசனையைக் கார் பட்டறைக்குக் கொண்டு வந்தவர் என்று அவரைச் சொல்லலாம். தேவையான பாகம், தேவையான நேரத்தில், தேவையான அளவு மட்டும்; அடுத்த ஆள் எடுத்த பிறகு அந்த அளவுக்கு மட்டும் செய்; எவ்வளவு எடுத்தார்கள் என்பதைக் கான்பான் என்ற அட்டை சொல்லும். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி காலியான அளவுக்குத்தானே சரக்கு நிரப்புகிறார்கள், அதே கணக்கு.

இந்த முறையை எல்லோரும் செலவு மிச்சம் என்றே விளக்குகிறார்கள். எனக்கு வேறொன்று படுகிறது. மூட்டை மூட்டையாகப் பாகம் சேர்த்து வைத்திருந்தால், ஒன்று கோணலாக இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கலாம். கோணல் எப்படி வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். இருப்பே இல்லை என்றால்? கோணலான ஒரு பாகம் வந்ததுமே வேலை நின்றுவிடும். நின்றால்தான் கேட்பார்கள். ஓனோ அந்தக் கேள்வியை ஐந்து தடவை கேட்கச் சொன்னார். இயந்திரம் ஏன் நின்றது? ஃபியூஸ் போனது. ஃபியூஸ் ஏன் போனது? பேரிங்கில் எண்ணெய் இல்லாமல் சுமை ஏறியது. எண்ணெய் ஏன் இல்லை? பம்பு சரியாக ஏற்றவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்திருக்கிறது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் இரும்புத்தூள் உள்ளே போயிருக்கிறது. முதல் கேள்வியோடு விட்டிருந்தால் ஃபியூஸை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். மறுவாரம் மறுபடி போகும்.

அசெம்ப்ளி லைனில் ஒரு கயிறு தொங்கும். எந்தத் தொழிலாளியும் தப்பு கண்ணில் பட்டால் அதை இழுக்கலாம். விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார், குறிப்பிட்ட இடத்துக்குள் சரியாகவில்லை என்றால் லைனே நிற்கும். ஜப்பானிய மொழியில் இதற்கு ஜிதோக்கா என்று பெயர். 'தானியங்கி' என்று பொருள்படும் அதே சொல்தான், ஆனால் அதில் 'இயங்குதல்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 'மனிதர்' என்ற குறியைச் சேர்த்து எழுதுவார்கள். நூல் அறுந்தால் நிற்கும் அந்தத் தறியேதான் இதுவும்.

உடனே வண்டி நன்றாகிவிடவில்லை. 1957இல் டொயோபெட் கிரவுன் காரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஜப்பானின் மோசமான ரோடுகளுக்காகச் செய்த கனமான வண்டி, அந்த ஊர் நெடுஞ்சாலை வேகத்தில் உதறியது, சூடேறியது. 1958 முழுக்கச் சில நூறு கார்களுக்குமேல் போகவில்லை. கொஞ்ச காலத்தில் கார் ஏற்றுமதியையே நிறுத்திவிட்டு, அந்தச் சாலைகளுக்கு ஏற்றதாகச் செய்த கொரோனாவோடு 1965இல் திரும்பி வந்தார்கள். அடுத்த ஆண்டு கொரோல்லா வந்தது. 2021க்குள் 5 கோடி விற்றாயிற்று.

இது ஜப்பானியர்களின் குணம், வேறு ஊரில் நடக்காது என்று ஒரு கட்சி உண்டு. அதற்குப் பதில் கலிபோர்னியாவில் கிடைத்தது. ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸின் தொழிற்சாலை ஒன்று இருந்தது. தகராறு, குடி, ஐந்தில் ஒருவர் வேலைக்கே வராத நாட்கள். 1982இல் இழுத்து மூடினார்கள். 1984இல் டொயோட்டா அவர்களோடு கூட்டுச் சேர்ந்து அதைத் திறந்தது. வேலைக்கு எடுத்தது பெரும்பாலும் அதே பழைய ஆட்களை, தொழிற்சங்கமும் அதேதான். கொஞ்ச நாளில் அமெரிக்காவின் சிறந்த தரமுள்ள தொழிற்சாலைகளில் ஒன்றாக அது பேசப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் அதைத் தன் மற்றத் தொழிற்சாலைகளில் செய்து பார்த்தபோது பல இடங்களில் எடுபடவில்லை. கயிறு கட்டுவது சுலபம். இழுத்தவனைத் திட்டாமல் நன்றி சொல்கிற மேஸ்திரிக்கு எங்கே போவது? (அதே கட்டடத்தில்தான் இப்போது டெஸ்லா கார் செய்கிறது.)

1989இல் லெக்ஸஸ் என்ற ஆடம்பரக் காரை விற்கத் தொடங்கிய சில மாதங்களில் இரண்டே இரண்டு புகார் வந்தது. விற்ற சுமார் எட்டாயிரம் கார்களையும் திரும்ப அழைத்தார்கள். பல வாடிக்கையாளர்களின் வீட்டுக்கே ஆள் போய் வண்டியை எடுத்து வந்து, சரிசெய்து, கழுவி, பெட்ரோல் நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். புதுக் கம்பெனியை முடித்துவிட்டிருக்க வேண்டிய செய்தி, அதன் புகழாகவே மாறியது.

இதற்கு அப்படியே தலைகீழான கதை இருபது ஆண்டு கழித்து நடந்தது. 2009 ஆகஸ்டில் சான் டியாகோ அருகே ஒரு லெக்ஸஸ், ஆக்சிலரேட்டர் தரைவிரிப்பில் சிக்கி, நிறுத்த முடியாத வேகத்தில் ஓடி மோதி நான்கு பேர் இறந்தார்கள். அதற்குமுன் 2007இல் இதே தரைவிரிப்புப் பிரச்சினையில் விரிப்பை மட்டும் மாற்றித் தருவதோடு முடித்துக்கொண்டிருந்தது கம்பெனி. அதனால் 10 கோடி டாலர் மிச்சமானது என்று 2009 ஜூலையில் தன் அமெரிக்க அலுவலகத்தின் உள் ஆவணத்தில் சாதனையாகக் குறித்தும் வைத்திருந்தது. பிறகு பெடல் ஒட்டிக்கொள்ளும் இன்னொரு கோளாறு. உலகம் முழுவதும் லட்சக்கணக்கில் வண்டிகள் திரும்பின. 2010 பிப்ரவரியில் சகிச்சியின் கொள்ளுப்பேரன் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் உட்கார்ந்து, ஆட்களைத் தயார்ப்படுத்தும் வேகத்தை மீறிக் கம்பெனி வளர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார்.

மின்னணுக் கோளாறா என்று நாசா பொறியாளர்கள் வரை தோண்டினார்கள். 2011இல் அப்படி எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றார்கள். 2013இல் ஓக்லஹோமா ஜூரி ஒன்று மென்பொருளைக் குற்றம் சொன்னது. இந்தச் சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் 2014இல் அமெரிக்க நீதித்துறைக்கு டொயோட்டா கட்டிய 120 கோடி டாலர் எதற்காக என்பதில் குழப்பமே இல்லை: தெரிந்ததை மக்களிடம் மறைத்ததற்காக. தறி நிற்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த முறைக்கு உள்ளே இருக்கும் ஆளின் கதையும் உண்டு. சடோஷி கமாடா என்ற பத்திரிகையாளர் 1972இல் பருவத் தொழிலாளியாக டொயோட்டாவில் சேர்ந்து, சில மாதங்கள் லைனில் நின்று, அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். ஓய்வுக்கு இடமே விடாத வேகம்தான் அதில் முக்கிய விஷயம். 2002இல் தரம் பார்க்கும் வேலையில் இருந்த முப்பது வயதுத் தொழிலாளி ஒருவர் பணியிடத்திலேயே விழுந்து இறந்தார். வேலை நேரம் முடிந்த பிறகு நடக்கும் தரவட்டக் கூட்டங்கள் 'விருப்பப்பட்டு' செய்வது என்பது அதுவரை கணக்கு. அதுவும் வேலைதான், இது அதிக உழைப்பால் வந்த மரணம் என்று 2007இல் நகோயா நீதிமன்றம் அவர் மனைவியின் பக்கம் தீர்ப்பளித்தது. நூல் அறுந்தால் நிற்கும் ஏற்பாட்டைச் செய்தவர்கள், ஆள் அறுந்துபோவதைக் கவனிக்க ஓர் ஏற்பாடு செய்யவில்லை.

இப்போது வாங்குகிறவர்களுக்கு வேறொரு கேள்வி. நம்மூரில் டொயோட்டா கிளான்சா என்று விற்பது மாருதி செய்து தரும் பலேனோதான். ஜப்பானில் டொயோட்டா ரைஸ் என்று விற்பது துணைக் கம்பெனியான டைஹாட்சு செய்தது. அந்த டைஹாட்சு பாதுகாப்புச் சோதனைகளில் பல ஆண்டுகளாகத் தில்லுமுல்லு செய்தது 2023இல் வெளியே வந்தது. மொத்தம் 64 மாடல்கள், அதில் டொயோட்டா பெயரில் விற்றவையும் உண்டு. டிசம்பரில் அனைத்து வண்டிகளையும் அனுப்புவதை நிறுத்தினார்கள். அளவுக்கு மீறி இறுக்கிய கால அட்டவணையைக் காரணமாகச் சொன்னது விசாரணைக் குழு. அடுத்த ஜூனில் டொயோட்டாவின் சொந்த மாடல்கள் மூன்றிலேயே சான்றிதழ்ச் சோதனைக் குறைபாடு தெரியவர, அகியோ மறுபடி கேமராக்கள் முன் தலை குனிந்தார். பெயர்ப்பலகையைப் பார்த்துக் கண்ணை மூடுகிறவர்கள் யார் செய்த வண்டி என்று ஒரு கண்ணையாவது திறந்து பார்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

அதே 2024இல் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்காவில் டுண்ட்ரா, லெக்ஸஸ் எல்எக்ஸ் வண்டிகளின் என்ஜினுக்குள், கடைசல் வேலையில் விழுந்த உலோகத் துணுக்குகள் தங்கிவிட்டது தெரிந்தது. சுமார் ஒரு லட்சம் வண்டிகள். கழுவிப் பார்க்கலாம், எண்ணெய் மாற்றலாம் என்று பேச்சில்லை. என்ஜினையே முழுசாக எடுத்துவிட்டுப் புதிது வைத்துத் தருவதாக அறிவித்தார்கள்.