முதலில் வெட்டுக, பிறகு சுருக்குக

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்திற்கும் வங்கிப் பணித் தேர்வுக்கும் இணையவழி விண்ணப்பிக்கும் ஒருவர், தம் புகைப்படத்தை இரு வேறு அளவுகளில் அமைக்க வேண்டியுள்ளது. தேர்வாணையம் 150 பிக்சல் அகலமும் 200 பிக்சல் உயரமும் கொண்ட, 30 கிலோபைட்டுக்கு மிகாத படத்தைக் கேட்கிறது. வங்கிப் பணித் தேர்வுகளை நடத்தும் ஐ.பி.பி.எஸ். நிறுவனம் 200 பிக்சல் அகலம், 230 பிக்சல் உயரம், 20 முதல் 50 கிலோபைட் வரை என்கிறது.

ஒன்றுக்கு அமைத்த படத்தை மற்றொன்றின் அளவுக்கு இழுத்துப் பொருத்தினால் முகம் அகன்றோ நீண்டோ தோன்றும். முகம் தெளிவாக அமையாத படத்தால் விண்ணப்பமே தள்ளப்படலாம்.

வெட்டுதல் என்பது வேண்டாத ஓரங்களை நீக்குவது. எஞ்சிய உருவம் மாறுவதில்லை. அளவு மாற்றுதல் என்பது முழுப் படத்தையும் குறைந்த பிக்சல்களில் அமைப்பது. முன்னது வடிவத்தையும் பின்னது அளவையும் முடிவு செய்கின்றன. ஆகவே, வெட்டுதலே முதற்படி.

செல்பேசியில் எடுத்த படம் 3000க்கு 4000 பிக்சல் எனக் கொள்வோம். இலவச மென்பொருளான கிம்ப்பில் வெட்டும் கருவியின் விகிதத்தை 3:4 என நிலைப்படுத்தி, முகமும் தோளும் அடங்கிய 1500க்கு 2000 பிக்சல் பகுதியை வெட்டுக. பின்னர் அளவு மாற்றும் பகுதியில், சங்கிலிக் குறி இணைந்திருக்க, அகலம் 150 என இட்டால் உயரம் தானே 200 ஆகும். ஐ.பி.பி.எஸ். படத்திற்கு விகிதம் 20:23. தேர்வாணையப் படத்தின் அடியில் இடவேண்டிய பெயரையும் படம் எடுத்த நாளையும் இறுதியில் சேர்த்தால், அவை வெட்டுப்படா.

பிக்சல் சரியாக இருந்தும் கிலோபைட் மிகுந்தால், ஜேபெக் கோப்பாகச் சேமிக்கையில் தரத்தைச் சற்றே குறைக்கலாம். சுருக்கிய படத்தைப் பெரிதாக்கினால் இழந்த தெளிவு மீளாது. எனவே, மூலப்படத்தைத் தனியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதன் நகலிலேயே பணி செய்க.

கையொப்பப் படத்திற்கும் இம்முறையே பொருந்தும். ஆனால், காசோலையில் இடுவதும் அதே கையொப்பமாக இருக்கலாம். பொதுக் கணினியில் வேலை முடிந்ததும் அக்கோப்புகளை நீக்கி, குப்பைத்தொட்டியையும் காலி செய்த பின்னரே எழுந்து வருக.